நண்டு ஏலக் கணக்கும் அதன் சர்வரும்: பாக் நீரிணைக் கரையில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இராமநாதபுரம் மாவட்டத்தில் தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடைப்பட்ட கரையில் ஒரு நாட்டுப்படகு மீனவர் சங்கம். அதன் ஏலக் கணக்கைக் கணினிக்கு மாற்றிய கதை இது. ஊர் பெயரும் ஆட்கள் பெயரும் இதில் இல்லை. தொழில்நுட்ப விவரங்களை மட்டும் முழுதாகத் தந்திருக்கிறேன். சிறு சங்கங்களுக்கும் கடைகளுக்கும் இணையச் செயலி சர்வர் அமைத்துக் கொடுக்கும் யாருக்கும் இது உதவும்.

அந்தக் கரைக்குப் பெரிய வரத்து நீலக்கால் நண்டுதான். முதல் நாள் விட்ட வலையை எடுத்துக்கொண்டு விடியுமுன்னே படகுகள் திரும்பும். பெண்கள் வலையிலிருந்து நண்டைக் கழற்றித் தரம் பிரிப்பார்கள். ஐந்து மணிவாக்கில் ஏலம் தொடங்கினால் ஏழு மணிக்குள் முடிந்துவிடும். கம்பெனி ஆட்கள் ஐஸ் பெட்டியோடு வண்டியை நிறுத்திக் காத்திருப்பார்கள். மெதுவாகச் செய்ய அங்கே நேரம் கிடையாது.

முன்பெல்லாம் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய படகு, அவர் சொன்ன விலைக்கே நண்டைக் கொடுத்தாக வேண்டும். அதிலிருந்து வெளியே வரத்தான் சங்கம் சொந்தமாக ஏலம் நடத்தத் தொடங்கியது. சிறு கமிஷன் எடுத்துக்கொண்டு, வாரக் கடைசியில் படகுக்காரர்களுக்குப் பட்டுவாடா செய்கிறது. கணக்கில் ஒரு கூடை பிசகினாலும் "இதுக்குப் பழைய வியாபாரியே மேல்" என்ற பேச்சு கிளம்பிவிடும். அந்தப் பேச்சுதான் சங்கத்தின் பெரிய பயம். சர்வர் விஷயத்தில் நாங்கள் எடுத்த ஒவ்வொரு முடிவுக்குப் பின்னாலும் அது இருந்தது.

அதே கரையைச் சேர்ந்த, பொறியியல் படித்த ஒரு தம்பி, பைத்தான் மொழியில் இணையச் செயலி எழுத உதவும் ஜாங்கோவில் செயலியை எழுதினார். ஏலக்கொட்டகையில் நான்கு எழுத்தர்கள், நால்வரும் பெண்கள். கைப்பேசியில் படகு எண், தரம், எடை, விலை, எடுப்பவர் பெயர் ஆகியவற்றைப் பதிந்து, தராசின் எண் தெரிய ஒரு படமும் எடுப்பார்கள். சேமித்ததும் படகுக்காரருக்கும் எடுத்தவருக்கும் குறுஞ்செய்தி போகும். பல வீடுகளில் பட்டன் ஃபோன்தான் இருக்கிறது. அதனால் குறுஞ்செய்தியே போதும் என்பது சங்கச் செயலாளரின் முடிவு. சர்வரை அமைத்துப் பராமரிக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள்.

சர்வரை எங்கே வைப்பது, எப்படி அமைப்பது

சங்க அலுவலகத்திலேயே ஒரு கணினியை வைத்துவிடலாம் என்று முதலில் ஒரு யோசனை வந்தது. இணையம் அறுந்தாலும் கரையில் வேலை நடக்குமே என்ற எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் அலுவலகம் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. உப்புக்காற்றில் விசிறியும் இணைப்பு முனைகளும் துருப்பிடிப்பதை அங்குள்ள பழைய கணினியின் பின்பக்கமே காட்டியது. மின்வெட்டு உண்டு. அதோடு, அங்கே கிடைத்த இணைய இணைப்புக்குத் தனிப் பொது முகவரி இல்லை. வெளியூரில் இருக்கும் வியாபாரி தன் கணக்கைப் பார்க்க வேண்டுமானால் அதற்கு வேறு சுற்றுவழி தேட வேண்டும். ஆகவே மும்பைத் தரவு மையம் ஒன்றில் இரண்டு ப்ராசசர் கோர், நான்கு ஜிபி நினைவகம் கொண்ட மெய்நிகர் சர்வரை மாத வாடகைக்கு எடுத்தோம். கரையில் இணையம் போனால் பதிவு கைப்பேசியிலேயே தங்கி, சிக்னல் வந்ததும் போய்ச் சேரும்படி செயலியில் ஏற்பாடு செய்தோம்.

இயங்குதளம் உபுண்டு 22.04. வெளிவாசலில் கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் என்ஜின்எக்ஸ், அதன் பின்னால் செயலியை ஓட்டும் ஜியூனிகார்ன், அடியில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். வெளியிலிருந்து வருவதை வடிகட்டும் ஃபயர்வாலில் 22, 80, 443 என்ற மூன்று போர்ட்கள் (இணைப்பு வாசல்கள்) மட்டும் திறப்பு. டேட்டாபேஸின் 5432 வெளியிலிருந்து தொட முடியாது. பாஸ்வேர்டு போட்டு சர்வருக்குள் நுழைவதை நிறுத்திவிட்டுச் சாவிக் கோப்பு முறையை வைத்தோம். இணைப்பைப் பாதுகாப்பாக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் 90 நாளில் காலாவதியாகும் என்பதால் செர்ட்பாட் என்ற நிரல் தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு. ஜியூனிகார்னை அப்படியே விட்டால் ஒரே ஒரு வொர்க்கரோடுதான் (கோரிக்கையை ஒவ்வொன்றாக எடுத்து முடிக்கும் வேலையாள் நிரல்) ஓடும். கோர் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி ஒன்று கூட்டு என்பது அதன் ஆவணத்தில் உள்ள வழிகாட்டல். அதன்படி ஐந்து வொர்க்கர் வைத்தோம். ஒரே இணைய முகவரியிலிருந்து நொடிக்கு இத்தனைக்கு மேல் கோரிக்கை வந்தால் மறுக்கும்படி என்ஜின்எக்ஸில் வரம்பும் போட்டோம். கண்டவர்கள் வந்து கதவைத் தட்டும் பொது இணையத்தில் இது வழக்கமான காப்பு.

தினமும் இரவு டேட்டாபேஸின் நகல் எடுக்கப்பட்டு வேறொரு இடத்துக்குப் போகும்.

முதல் வாரங்களும் இரண்டு தேதிச் சீட்டும்

பாக் நீரிணையில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகளுக்கு நான்கு நாள் என்ற வழக்கம் உண்டு. அதனால் சர்வருக்கு வேலை இருப்பதும் அந்த நான்கு நாளில்தான். விசைப்படகு நாட்களில் திருத்தம் செய்துகொள்ள வசதியாக இருந்தது. அதே சமயம், அந்த நாட்களில் செய்த சோதனையால் எதுவும் தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கொட்டகை காலியாக இருக்கும்போது எந்த சர்வரும் வேகமாகத்தான் இருக்கும்.

முதலில் வந்தது படம் பற்றிய புகார். என்ஜின்எக்ஸ் தானாக 1 எம்பிக்கு மேல் எதையும் உள்ளே விடாது, 413 என்ற பிழை எண்ணோடு திருப்பிவிடும். கைப்பேசிப் படம் அதைவிடப் பெரியது. படத்தைக் கைப்பேசியிலேயே சுருக்கி அனுப்பும்படி மாற்றி, வரம்பையும் கொஞ்சம் உயர்த்தினோம். அதோடு முடிந்தது.

இரண்டாவதைக் கண்டுபிடித்தவர் சங்கத்தின் கணக்குப்பிள்ளை. எழுபதை நெருங்குபவர், கணினியைத் தொட்டதில்லை. அச்செடுத்த நாள்கணக்கை விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தவர் ஒரு படகின் வரியில் நின்றார்.

"தம்பி, ஒரே படகு, ஒரே காலையில எறக்குன நண்டு. ரெண்டு கூடை நேத்துக் கணக்குல கெடக்கு, மூணு கூடை இன்னைக்கிக் கணக்குல கெடக்கு. அது எப்புடி?"

சீட்டுகளை எடுத்துப் பார்த்தோம். 5.12க்குப் பதிந்த கூடை முந்தின தேதியில். 5.41க்குப் பதிந்தது அன்றைய தேதியில். எல்லாப் படகுகளிலும் கோடு கிழித்தாற்போல் ஐந்தரை மணியில்தான் பிரிந்தது. இந்திய நேரம் உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. நமக்கு 5.12 என்னும்போது பொது நேரப்படி முந்தின நாள் இரவு 11.42. காலை பத்து மணிக்குத் தொழில் தொடங்கும் கடை என்றால் இந்தப் பிழை வெளியே தெரிந்தே இருக்காது. எங்கள் ஏலமோ சரியாக அந்த ஐந்தரை மணியின் இரு பக்கமும் நடக்கிறது.

சர்வரின் கடிகாரம் இந்திய நேரத்தில்தான் இருந்தது. ஜாங்கோவின் அமைப்புக் கோப்பிலும் 'ஏஷியா/கொல்கத்தா' என்றுதான் இருந்தது. இரண்டும் சரியாக இருந்தும் தேதி தவறியதற்குக் காரணம் வேறு. நேர மண்டல வசதியை இயக்கி வைத்திருக்கும்போது ஜாங்கோ 'இப்போது' என்று கொடுப்பது பொது நேரத்தைத்தான். அதிலிருந்து நேரடியாகத் தேதியை உருவினால் பொது நேரத்துத் தேதி வரும். உள்ளூர்த் தேதிக்கு 'லோக்கல்டேட்' என்று தனி வழி இருக்கிறது. தம்பி அந்த ஒரு வரியை மாற்றினார். பதிவான நேரங்கள் எல்லாம் சரியாகவே சேமிக்கப்பட்டிருந்ததால் பழைய சீட்டுகளின் தேதியை அவற்றிலிருந்தே மறுபடி கணக்கிட முடிந்தது. பட்டுவாடாவுக்கு முன்பே இது நடந்ததால் யாருக்கும் பணத்தில் பாதிப்பு இல்லை.

ஏப்ரல் 15க்குப் பிறகு

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. விசைப்படகு நாள், நாட்டுப்படகு நாள் என்ற கணக்கே அப்போது இல்லாமல் போகிறது. வரத்து குறைந்த சந்தையில் விலை ஏறும். வழக்கமாகத் தொழிலுக்குப் போகாதவர்கள்கூட வல்லத்தை இறக்குவார்கள். சங்கத்து ஏலத்தில் கூடைகள் கூடின, வெளியூர் வியாபாரிகளும் கூடினார்கள்.

அந்த வாரத்திலேயே கைப்பேசிகள் சுற்றிக்கொண்டே நிற்கத் தொடங்கின. சேமி என்று அழுத்தினால் வட்டம் சுழலும், பிறகு ஆங்கிலத்தில் ஒரு பிழைச் செய்தி வரும். எழுத்தர் மறுபடி அழுத்துவார். அடுத்த கூடை ஏற்கெனவே தராசில் ஏறியிருக்கும். ஏலக்காரர் குரல் நிற்காது. மூத்த எழுத்தர் அக்கா ஒருவர் பேசாமல் நோட்டை எடுத்துப் பழையபடி எழுதத் தொடங்கிவிட்டார். அன்றைய கணக்கைக் காப்பாற்றியது அந்த நோட்டுதான்.

மாலையில் பெரிய பிரச்சினை வந்தது. ஒரு வியாபாரி, தான் எடுத்ததைவிட அதிகக் கூடைகளுக்குக் குறுஞ்செய்தி வந்திருப்பதாகச் சொன்னார். ஒரு படகுக்காரருக்கு அவர் இறக்காத கூடைக்குப் பணம் ஏறியிருந்தது. ஒரே கூடை இரண்டாக, சில இடத்தில் மூன்றாகப் பதிவாகியிருந்தது. எழுத்தர்கள்தான் இரண்டு தடவை அழுத்திவிட்டார்கள் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். செயலாளர் அதை அப்போதே நிறுத்தினார். "அக்காமாரு மேல பழி போட வேணாம். வரலைன்னு காட்டுச்சு, மறுபடி அழுத்துனாங்க. வரலைன்னு ஏன் காட்டுச்சுன்னு மொதல்ல பாருங்க." விசாரணை எங்கே தொடங்க வேண்டும் என்பதை அந்தச் சொல்தான் சரியாகக் காட்டியது என்பது என் கருத்து.

சர்வரை வாடகைக்குக் கொடுத்த நிறுவனத்தைக் கேட்டபோது, கூட்டம் கூடியிருக்கிறது, இரண்டு மடங்கு பெரிய சர்வருக்கு மாறுங்கள் என்று பதில் வந்தது. சங்கத்திலும் சிலர் அதற்குத் தயாராக இருந்தார்கள். ஒரு காலை ஏலத்தை முழுதாகக் கவனித்த பிறகு முடிவெடுக்கலாம் என்று கேட்டுக்கொண்டேன்.

லாக் சொன்னது

வரும் கோரிக்கைகளை என்ஜின்எக்ஸ் வரி வரியாகக் குறித்துவைக்கும் கோப்புதான் லாக். அதன் வழக்கமான வரியில் ஒரு கோரிக்கைக்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்பது இருக்காது. முந்தின நாள் பிற்பகலிலேயே இரண்டு விவரங்களைச் சேர்த்து வைத்தோம். கோரிக்கைக்கு எடுத்த மொத்த நேரம் ஒன்று. பின்னால் உள்ள செயலி எடுத்துக்கொண்ட நேரம் மற்றொன்று.

மறுநாள் விடியலில் ஒரு திரையில் லாக், மற்றொன்றில் சர்வரின் சுமை. ஐந்தே காலுக்குக் கைப்பேசிகள் திணறத் தொடங்கின. அந்த நேரத்தில் ப்ராசசர் ஏறக்குறைய சும்மா இருந்தது. நினைவகத்தில் பாதிக்கு மேல் காலி. டேட்டாபேஸ் கேள்விகள் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துகொண்டிருந்தன. பெரிய சர்வர் என்ற பேச்சு அத்தோடு முடிந்தது. செய்ய வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஆளுக்குப் பக்கத்தில் இன்னொரு ஆளைக் கூலி கொடுத்து உட்கார வைப்பதில் பயனில்லை.

பிழை வரிகளைத் தரம் பிரித்தபோது நான்கு வகை எண்கள் கிடைத்தன. ஒவ்வொன்றுக்கும் எடுத்த நேரத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் கதை தெளிவாயிற்று.

502 என்று முடிந்தவை எல்லாம் முப்பது நொடிக்கும் அறுபது நொடிக்கும் இடையே முடிந்திருந்தன. ஜியூனிகார்ன் லாக்கில் அதே கணங்களில் 'வொர்க்கர் டைம்அவுட்' என்ற வரி. ஒரு வொர்க்கர் முப்பது நொடி அசையாமல் நின்றால் அதைக் கொன்றுவிட்டுப் புதிதாக ஒன்றை எழுப்புவது ஜியூனிகார்னின் இயல்பு. அப்படிக் கொல்லப்பட்ட வொர்க்கர் கையில் இருந்த கோரிக்கைதான் 502.

504 என்று முடிந்தவை சரியாக அறுபது நொடி எடுத்திருந்தன. என்ஜின்எக்ஸ் பின்னால் இருப்பவரின் பதிலுக்காக அறுபது நொடி காத்திருந்து கைவிடும். ஐந்து வொர்க்கரும் மாட்டிக்கொண்டிருந்ததால் வரிசையிலேயே நின்று முறை வராமல் போனவை இவை. 499 என்பது என்ஜின்எக்ஸ் தனக்காக வைத்துக்கொண்ட எண். பதில் வருமுன் கைப்பேசி பக்கமே இணைப்பை முறித்துவிட்டது என்று பொருள். பொறுமையிழந்து மறுபடி அழுத்தப்பட்டவை அவை. நான்காவது, 503. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அப்படி முப்பது நொடி எதற்காக வொர்க்கர் நின்றது? செயலியில் ஒரு பதிவைச் சேமிக்கும் பகுதி மூன்று காரியத்தை வரிசையாகச் செய்தது. டேட்டாபேஸில் எழுதும். குறுஞ்செய்தி நிறுவனத்தின் சர்வரைக் கூப்பிட்டு, அது பதில் சொல்லும் வரை நிற்கும். அதன் பிறகே கைப்பேசிக்குச் சேமித்தாயிற்று என்று சொல்லும். அந்தக் காலைகளில் நடுவில் உள்ளது தாமதமாகியிருந்தது. பைத்தானில் இதற்குப் பயன்படுத்தும் 'ரிக்வெஸ்ட்ஸ்' நூலகத்துக்கு, எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று நாமாகச் சொன்னாலொழிய வரம்பே கிடையாது. ஒரு கூப்பாட்டுக்கு இருபது நொடி ஆனால், ஐந்து வொர்க்கரும் சேர்ந்து நிமிடத்துக்குப் பதினைந்து பதிவுதான் முடிக்கும். ஏலக்கொட்டகையின் வேகத்துக்கு அது போதாது. அதே ஐந்து பேர்தான் தங்கள் கணக்கைப் பார்க்க வரும் படகுக்காரர்களுக்கும் பக்கம் காட்ட வேண்டும்.

இரட்டைப் பதிவின் மூலமும் இங்கேதான். வொர்க்கர் கொல்லப்படும்போது டேட்டாபேஸில் எழுதும் வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. ஜாங்கோவில் வேறு ஏற்பாடு செய்யாவிட்டால் ஒவ்வொரு எழுத்தும் உடனுக்குடன் உறுதியாகிவிடும். கைப்பேசியில் பிழை என்று வருகிறது, கணக்கிலோ கூடை ஏறியிருக்கிறது. 504 இன்னும் வம்பு. என்ஜின்எக்ஸ் கைவிட்ட பிறகும் அந்தக் கோரிக்கை ஜியூனிகார்னின் வாசலில் வரிசையில் கிடக்கும். முறை வந்ததும் வொர்க்கர் அதை எடுத்து முழுதாகச் செய்து முடிக்கும், கேட்க ஆள் இல்லாவிட்டாலும். எழுத்தர் மறுபடி அழுத்தியது தவறே அல்ல. திரை சொன்னதை நம்பினார்கள்.

இனி 503. ஒரே கைப்பேசி நிறுவனத்தின் சிம் வைத்திருந்தவர்களுக்கு மட்டும், அதுவும் மொத்தமாக, சில நிமிடங்கள் எதுவும் திறக்கவில்லை. அந்தச் சிம் வைத்திருந்த அத்தனை பேரின் கோரிக்கையும் ஒரே இணைய முகவரியிலிருந்து வருவதாக லாக் காட்டியது. ஐபிவி4 என்னும் பழைய வகை இணைய முகவரிகள் போதாததால் கைப்பேசி நிறுவனங்கள் ஒரு பொது முகவரியின் பின்னால் ஏராளமான வாடிக்கையாளர்களை வைக்கின்றன. முகவரிக்கு இவ்வளவுதான் என்று நாங்கள் போட்ட வரம்பு, அந்தக் கொட்டகையையே ஒரு ஆளாக எண்ணிக் கதவைச் சாத்தியது. எல்லோரும் திரும்பத் திரும்ப அழுத்தியதால் வரம்பு இன்னும் வேகமாக நிறைந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

காத்திருப்பு வரம்பை முப்பதிலிருந்து நூற்றிருபதாக்கு, வொர்க்கரைப் பத்தாக்கு என்பது கைக்கு முதலில் வரும் மருந்து. அதை எடுக்கவில்லை. வொர்க்கரைக் கூட்டினால் குறுஞ்செய்தி நிறுவனம் இன்னும் கொஞ்சம் தாமதிக்கும் நாளில் மறுபடி இதே இடத்துக்கு வருவோம். வரம்பைக் கூட்டினால் எழுத்தர் இரண்டு நிமிடம் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். முப்பது நொடியே ஏலத்தில் யாரும் நிற்கக்கூடிய நேரம் அல்ல.

முக்கிய முடிவு, குறுஞ்செய்தியைச் சேமிப்பிலிருந்து பிரிப்பது. பதிவை எழுதும் அதே பரிவர்த்தனையில், அனுப்ப வேண்டிய செய்தியும் தனி அட்டவணையில் ஒரு வரியாக ஏறும். இரண்டும் சேர்ந்து ஏறும் அல்லது இரண்டுமே ஏறாது. கைப்பேசிக்கு உடனே பதில் போய்விடும். பின்னணியில் ஓடும் தனி நிரல் ஒன்று அந்த அட்டவணையிலிருந்து வரி வரியாக எடுத்து அனுப்பும். பத்து நொடிக்குள் பதில் இல்லையென்றால் விட்டுவிட்டுப் பிறகு முயலும், ஒவ்வொரு முறையும் இடைவெளி கூடும். இதற்கு ரெடிஸ், செலரி என்று தனி மென்பொருட்கள் உண்டு. அவற்றைத் தவிர்த்ததற்குக் காரணம், நாளை நான் இல்லாவிட்டாலும் உள்ளூர்த் தம்பி ஒருவரே பார்த்துக்கொள்ளும்படி சர்வரில் உறுப்புகள் குறைவாக இருக்க வேண்டும் என்பதே. ஒரே வரியை இருவர் எடுக்காமல் பார்த்துக்கொள்ளும் 'ஸ்கிப் லாக்டு' வசதி போஸ்ட்கிரெஸில் 9.5 பதிப்பு முதலே இருக்கிறது. இந்த அளவு வேலைக்கு அது தாராளம்.

இரட்டைப் பதிவுக்கு வேறு பூட்டு தேவைப்பட்டது. சர்வர் எவ்வளவு வேகமாக இருந்தாலும், கடற்கரையில் சிக்னல் பாதியில் அறுவது நிற்கப்போவதில்லை. பதிவு போய்ச் சேர்ந்து, பதில் திரும்பும் வழியில் தொலைந்தால் எழுத்தர் மறுபடி அழுத்தத்தான் செய்வார். ஆகவே எழுத்தர் புதிய கூடையைத் திறந்ததுமே கைப்பேசி அதற்கு ஒரு தனி எண்ணை உண்டாக்கிவிடும். எத்தனை தடவை அழுத்தினாலும் அந்தக் கூடைக்கு அதே எண். ஒரே எண் இரண்டு தடவை ஏறக் கூடாது என்ற கட்டுப்பாட்டை டேட்டாபேஸிலேயே வைத்தோம். இரண்டாம் முறை வந்தால் பிழை சொல்லாமல் முதல் சீட்டையே திருப்பிக் கொடுக்கும். இந்தச் சோதனையைச் செயலிக்குள் மட்டும் வைக்கலாம் என்று தம்பி கேட்டார். இரண்டு வொர்க்கர் ஒரே கணத்தில் பார்த்து இரண்டும் 'இல்லை' என்று முடிவெடுக்க வாய்ப்பு உண்டு. டேட்டாபேஸ் மட்டும்தான் அதைத் தடுக்க முடியும்.

கோரிக்கை வரம்பை இணைய முகவரியிலிருந்து எடுத்து, உள்நுழைந்தவரின் அடையாளத்துக்கு மாற்றினோம். உள்நுழையும் பக்கத்துக்கு மட்டும் முகவரி வரம்பு, அதுவும் தளர்த்தி. சர்வருக்கு ஐபிவி6 என்னும் புதிய வகை முகவரியும் கொடுத்து, தளத்தின் பெயருக்கு உரிய முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ்ஸில் சேர்த்தோம். ஐபிவி6 தரும் நிறுவனத்துச் சிம்கள் அதன் பிறகு தனித்தனி முகவரியோடு வரத் தொடங்கின.

குறுஞ்செய்தியின் வாசகத்தையும் இந்தச் சாக்கில் திருத்தினோம். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழில் 70 தான், அதிலும் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். வணக்கம், நன்றி எல்லாம் சேர்ந்து ஒரு செய்தி மூன்று துண்டாகப் போய்க்கொண்டிருந்தது, மூன்று துண்டுக்கும் காசு. சீட்டு எண், எடை, விலை, தொகை என்று சுருக்கினோம். சீட்டு எண் அவசியம். முதல் முயற்சிக்குப் பதில் வராமல் இரண்டாம் முறை அனுப்பும்போது ஒரே செய்தி இரண்டாக வரலாம். எண் ஒன்றாக இருந்தால் கூடை ஒன்றுதான் என்று வாங்குபவருக்குத் தெரியும்.

மாற்றங்கள் எல்லாம் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல், ஒரு நாளைக்கு ஒன்று என்ற கணக்கில் செய்யப்பட்டன. தடைக்காலத்தில் ஓய்வு நாள் இல்லாததால் வேறு வழியில்லை. ஒன்றை மாற்றி, மறுநாள் ஏலத்தில் லாக்கைப் பார்த்த பிறகே அடுத்தது.

பழைய கணக்கைச் சரிசெய்தது

சர்வரைவிட இது கடினம். ஒரே படகு, ஒரே வியாபாரி, ஒரே எடை, ஒரே விலை, சில நிமிட இடைவெளி என்று இருக்கும் பதிவுகளை ஒரு பட்டியலாக எடுத்தோம். ஆனால் ஒரே எடையில் உண்மையாகவே இரண்டு கூடைகள் வருவதும் உண்டு. கணினி அடையாளம் காட்டலாமே தவிர, தீர்ப்புச் சொல்லக் கூடாது என்றார் கணக்குப்பிள்ளை. சந்தேகமான ஒவ்வொரு சோடியையும் தராசுப் படத்தோடும், அக்கா எழுதிய நோட்டோடும் ஒப்பிட்டோம். நோட்டில் ஒன்று, கணினியில் இரண்டு என்றால் இரட்டை. இரண்டு படங்களிலும் கூடைக்குள் இருக்கும் நண்டு வேறாகத் தெரிந்தால் இரண்டும் உண்மை.

இரட்டைகளை அழித்துவிடலாம் என்று தம்பி நினைத்தார். கணக்குப்பிள்ளை ஒப்பவில்லை. "எழுதுன வரிய அடிக்கக் கூடாதுப்பா. எதிர்வரி போடு. நாளைக்கு எவனும் வந்து கேட்டா ரெண்டும் தெரியணும்." அப்படியே செய்தோம். ஒவ்வொரு இரட்டைக்கும் காரணம் குறித்த எதிர்ப்பதிவு ஏறியது. பட்டுவாடாவுக்கு முன் அந்தப் பட்டியல் ஏலக்கொட்டகையில் படகு வாரியாக வாசிக்கப்பட்டது. ஆட்சேபம் சொன்னவர்களுக்குப் படத்தைக் காட்டினோம். அதிகமாக ஏறிய தொகை கழிக்கப்படுகிறது என்று கேட்டு முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். வியாபாரிகளிடம் கூடுதலாகக் கேட்கப்பட்ட தொகையும் அதே பட்டியலில் கழிந்ததைப் பார்த்த பிறகு பேச்சு அடங்கியது.

விளைவு

தனி எண் முறை வந்த பிறகு இரட்டைப் பதிவு வரவில்லை. சேமிப்பு நொடிக்குள் முடிகிறது. அதே வாடகை, அதே சர்வர், அதே ஐந்து வொர்க்கர். தடைக்காலம் முடியும் வரை 502ஓ 504ஓ ஏல நேரத்தில் தென்படவில்லை. 499 மட்டும் எப்போதாவது வருகிறது. சிக்னல் அறும் இடத்தில் அது இருக்கத்தான் செய்யும்.

புதிதாக ஒரு குறையும் வந்தது. முன்பு செய்தி வந்ததும் வீட்டுக்குக் கிளம்பிய பெண்கள், இப்போது சில நாள் அது வரக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. குறுஞ்செய்தி தாமதம் எங்கள் கையில் இல்லை. சேமித்ததும் எழுத்தரின் திரையில் சீட்டு எண்ணைப் பெரிய எழுத்தில் காட்டி, அதை வாய்விட்டுச் சொல்லும் வழக்கத்தைக் கொண்டுவந்தோம். சிலருக்கு அது போதுமாக இருக்கிறது. சிலர் இன்னும் செய்தியைப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். அவர்களுடைய உழைப்பின் கணக்கு அது, காத்திருந்து பார்ப்பது அவர்கள் உரிமை. மூத்த எழுத்தர் அக்கா நோட்டையும் விடவில்லை. இந்த ஆண்டு முழுக்க நோட்டும் தொடரட்டும் என்று சங்கமே முடிவு செய்துவிட்டது.

அடுத்த முறை மாற்றுவது

அடுத்த சங்கத்துக்கு அமைக்கும்போது லாக்கில் நேர விவரங்கள் முதல் நாளிலிருந்தே இருக்கும். செயலி வெளியே யாரையெல்லாம் கூப்பிடுகிறது என்ற பட்டியலைச் சர்வர் வாடகைக்கு எடுக்குமுன் எழுதி வாங்குவேன். ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் எத்தனை நொடி, வராவிட்டால் என்ன என்று எதிரே குறிக்கப்பட வேண்டும். சோதனைக்கு ஒரு போலிக் குறுஞ்செய்தி நிரலை வைத்து, அதை வேண்டுமென்றே நாற்பது நொடி தூங்கவைத்துப் பார்ப்பது இப்போது எங்கள் வழக்கமாகிவிட்டது. கூட்டம் எவ்வளவு என்று கேட்பதோடு, எந்த மணிக்கு, எந்த நாளில், எந்த மாதத்தில் என்றும் கேட்கிறோம். ஐந்தரை மணிக்கு இருபுறமும் பத்து நிமிடத்தில் பதிவு போட்டுத் தேதி பார்ப்பதும் சோதனைப் பட்டியலில் ஏறிவிட்டது.

பேக்அப் விஷயத்தில் ஒரு வேலை பாக்கி இருந்தது. நகல் தினமும் போய்க்கொண்டிருந்தாலும், அதிலிருந்து கணக்கை மறுபடி எழுப்பிப் பார்த்ததில்லை. தடைக்காலம் முடிந்ததும் வேறொரு சர்வரில் எழுப்பிப் பார்த்தோம். டேட்டாபேஸ் முழுதாக வந்தது. தராசுப் படங்கள் வரவில்லை, அவை தனிக் கோப்புறையில் இருந்ததால் நகலில் சேரவே இல்லை. இப்போது அவையும் சேர்கின்றன. வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஒவ்வொரு செப்டம்பரிலும் ஒரு விசைப்படகு நாளில் இந்த மீட்புச் சோதனையைச் செய்ய வேண்டும் என்று சங்கத்தின் தீர்மான நோட்டில் எழுதியிருக்கிறார்கள்.